தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்த ஜப்பானியக் கைத்துப்பாக்கி உறை: எதை வைத்துக்கொள்ளலாம், எப்படிச் செப்பனிடலாம்?

சிப்புட் பேரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இவ்வட்டார ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பம். பாட்டி காலமான பிறகு, லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்தபோது கொண்டுவந்த தாத்தாவின் தகரப் பெட்டியைச் சென்ற மாதம்தான் திறந்து பார்த்தோம். பழைய அடையாள அட்டைகள், ஒரு பித்தளை வெற்றிலைப் பெட்டி ஆகியவற்றுக்கு அடியில், வேட்டித் துணியில் சுற்றிய தோல் உறை ஒன்று இருந்தது. தாத்தா அதில் பால் வெட்டும் கத்தியையும் சாணைக்கல்லையும் வைத்திருந்ததை என் அப்பா சிறு வயதில் பார்த்திருக்கிறார். ஆனால் அது கத்திக்காகத் தைத்த உறை அன்று, கைத்துப்பாக்கி உறை என்பது கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது.

மூடி சிப்பியின் ஓடு போல உருண்டு கவிந்திருக்கிறது. பித்தளைக் குமிழைச் சுற்றிப் பச்சையாக ஏதோ பூத்திருக்கிறது. பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் விட்டுவிட்டது. தோள்வார் இருந்த இடத்தில் கத்தியால் அறுத்த அடையாளம் மட்டுமே உள்ளது. உள்ளே, அடிப்பாகத்தில், கறுத்து இறுகிப்போன ஒட்டுப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால், திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூடியின் உட்புறம் ஒரு முத்திரை இருந்து, அதை யாரோ சுரண்டியிருக்கிறார்கள். இவை தவிர, உள்ளேயே தைக்கப்பட்ட ஒரு குறுகிய பையில், எண்ணெய்த் துணியில் சுற்றிய எஃகுத் துண்டு ஒன்று கிடைத்தது. அதன் ஒரு பக்கம் குழல் போலவும் மறுபக்கம் மெல்லிய கூர் முனையாகவும் இருக்கிறது.

ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். உறையை மட்டும் கொடுத்தால் ஒரு விலை, அந்த எஃகுத் துண்டோடு கொடுத்தால் இரட்டிப்பு விலை என்றார். உறைக்குப் பொருத்தமான துப்பாக்கியையே, 'செயலிழக்கச் செய்தது' என்று எழுதி, பாகம் பாகமாக அஞ்சலில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தர முடியும் என்றும் சொன்னார். எனக்கு விற்கும் எண்ணம் இல்லை. ஆனால் இது என்ன உறை, அந்த எஃகுத் துண்டு என்ன, சேகரிப்பாளர்கள் இப்படித்தான் துப்பாக்கி வாங்குகிறார்களா, தோலை எப்படிக் காப்பாற்றுவது என்பவற்றைத் தெரிந்தவர்கள் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஈப்போ பழம்பொருள் எழுதியது:

தம்பி, நீங்கள் விவரித்த வகையில் பார்த்தால் இது ஜப்பானியப் படையின் 14ஆம் வகை 'நம்பு' (வடிவமைத்தவரின் பெயர்) கைத்துப்பாக்கிக்கான உறை. தைஷோ ஆட்சியின் 14ஆம் ஆண்டில், அதாவது 1925இல் ஏற்கப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. 8 மில்லிமீட்டர் தோட்டா, 8 தோட்டாக்கள் கொள்ளும் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு). இதற்கு அடுத்து வந்த 94ஆம் வகைத் துப்பாக்கியின் உறை சிறியது, தட்டையானது. அதன் முன் விளிம்பில் மேகசினுக்கென்று நீளமான பை தைத்திருக்கும். சிப்பி ஓடு போன்ற கவிந்த மூடி 14ஆம் வகைக்கே உரியது. பிரிட்டிஷ் படை 1937ஆம் ஆண்டு அமைப்பில் பயன்படுத்திய உறை கித்தான் துணியால் நெய்தது, எனவே அந்த ஐயத்துக்கு இங்கே இடமில்லை.

முத்திரையைச் சுரண்டியிருந்தாலும், தோலைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டார்ச் விளக்கைத் தோலின் மட்டத்திலேயே வைத்து, பக்கவாட்டில் ஒளி படும்படி செய்தால் அழுத்தத்தின் பள்ளங்கள் நிழலாகத் தெரியும். ஆண்டைக் குறிக்கும் எழுத்துகள் எளியவை. கூட்டல் குறி போன்றது பத்து, மேலே நெருங்கிக் கீழே விரியும் இரண்டு கோடுகள் எட்டு, கிடைக்கோடுகள் ஒன்று, இரண்டு, மூன்று. அது தைஷோவுக்கு அடுத்து வந்த ஷோவா ஆட்சியின் ஆண்டு; அந்த எண்ணோடு 1925ஐக் கூட்டினால் கிறித்தவ ஆண்டாகிவிடும். போரின் பிற்பகுதியில் தோலுக்குத் தட்டுப்பாடு வந்ததால் ரப்பர் பூசிய கித்தானில் உறைகள் செய்யத் தொடங்கினார்கள். உங்களுடையது தோல் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இன்று புதிதாகச் செய்து, தேநீர்ச் சாயமும் மண்ணும் பூசிப் பழையதென்று விற்கும் உறைகள் ஏராளம். அவற்றை அறிய நான் முதலில் பார்ப்பது வெட்டு விளிம்பை. பழைய தோல் மரப்பட்டைச் சாறு போன்ற தாவரப் பொருளில் பதனிடப்பட்டது, ஆகவே வெட்டு விளிம்பு முழுதும் பழுப்பாகவே இருக்கும். குரோமியத்தில் பதனிட்ட இன்றைய தோலின் நடுவில் சாம்பல் கலந்த நீலம் தெரியும். நூலும் காட்டிக்கொடுக்கும்: நைலான் நூல் லென்சில் கண்ணாடி இழை போல மின்னும், பஞ்சு நூலில் சிம்பு தெரியும். உங்கள் உறையில் கிடக்கும் ஒட்டுப்பாலையோ எந்த வியாபாரியாலும் போலியாகச் செய்ய முடியாது.

அந்த எஃகுத் துண்டு, தோட்டாவின் பின்புறத்தைத் தட்டி வெடிக்கச் செய்யும் ஃபயரிங் பின், அதாவது சுடும் ஊசி. 14ஆம் வகையில் அதன் முனை முறிவது வழக்கமான பழுது என்பதால், படைவீரருக்கு ஓர் உபரி ஊசி உறையிலேயே கொடுக்கப்பட்டது. அந்தக் குறுகிய பை அதற்காகத் தைத்ததே. அதை என்ன செய்வது என்பதை நம் சார்ஜன் ஐயா சொல்லட்டும். அதுவரை அதைத் தொடாமல் இருங்கள்.

ஓய்வுபெற்ற சார்ஜன் எழுதியது:

தம்பி, இதை நிதானமாகப் படியுங்கள். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்கு முழுத் துப்பாக்கி மட்டும் பொருளன்று. அதன் எந்தப் பாகமும் அச்சொல்லுக்குள் அடங்கும். உரிமமில்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 1971ஆம் ஆண்டின் சுடுகலன் கூடுதல் தண்டனைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. தோல் உறை துப்பாக்கியின் பாகமன்று. அந்த ஊசி பாகம். உங்கள் பெட்டியில் இருந்த இரண்டு பொருள்களுக்கு நடுவில் சட்டம் இவ்வளவு பெரிய கோட்டைக் கிழித்திருக்கிறது.

அதனால் அந்த ஊசியைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் நிலையத்துக்குப் போக வேண்டாம். வழியில் சோதனை நடந்தால், ஒப்படைக்கத்தான் கொண்டுபோகிறேன் என்பதை நிறுவும் சுமை உங்கள் மேல் விழும். இருக்கும் இடத்திலேயே படம் எடுங்கள். முதலில் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். காலமானவரின் பெட்டியில் இன்ன நாளில் கிடைத்தது என்று கூறி, அதிகாரியை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவரிடம் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உறையையும் அவருக்குக் காட்டி, அது உங்களிடமே இருப்பதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். பிற்காலத்தில் உறையைக் கண்காட்சிக்குக் கொடுத்தாலும் பிள்ளைகளிடம் விட்டுச் சென்றாலும் அந்த ஒரு தாள் உங்களுக்குத் துணை நிற்கும். பெட்டியின் அடியில் தோட்டா ஏதேனும் இருந்தால் கையால் எடுக்கவே கூடாது. எண்பது ஆண்டுப் பழைய வெடிமருந்தின் நிலையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

சந்தைக்காரர் சொன்ன அஞ்சல் வழியைப் பற்றி எனக்குக் கடுங்கோபம் வருகிறது. பாகமே ஆயுதமாகும் நாட்டில், பாகம் பாகமாக வரவழைப்பது ஒரு குற்றத்தைப் பல பொட்டலங்களாகப் பிரிப்பதுதான். 'செயலிழக்கச் செய்தது' என்று விற்பவர் எழுதும் சொல் இங்கே உங்களைக் காக்காது. துப்பாக்கி போலத் தோன்றும் போலிகளுக்கும் அதே சட்டத்தில் தண்டனை இருக்கிறது. முழுத் துப்பாக்கியைப் பார்க்கும் ஆசை இருந்தால் போர்ட்டிக்சனில் தரைப்படை அருங்காட்சியகம் இருக்கிறது, கோலாலம்பூரில் காவல்துறை அருங்காட்சியகம் இருக்கிறது. குடும்பத்தோடு போய்ப் பார்த்து வாருங்கள்.

ஒஹாயோவில் ஒரு தைப்பிங்காரன் எழுதியது:

சார்ஜன் ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் தைப்பிங்கில் பிறந்து, இருபது ஆண்டாக அமெரிக்காவில் வாழ்பவன். இங்கே சட்டம் வேறு. ஐம்பது ஆண்டைக் கடந்த துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்குக் கூட்டரசு தனி உரிமம் தருகிறது, வாங்கியதையும் விற்றதையும் பதிவேட்டில் பதிந்து வைக்க வேண்டும். அந்த உரிமத்தில்தான் நான் ஒரு 14ஆம் வகை வைத்திருக்கிறேன். சேகரிப்பாளர்கள் எப்படி வாங்குகிறார்கள் என்று தம்பி கேட்டதால், இங்குள்ள நடைமுறையைச் சொல்கிறேன். இது அங்கே பின்பற்றுவதற்கன்று.

படைகள் கழித்து விற்ற உபரிச் சரக்காகச் சந்தைக்கு வந்தவை பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பியத் துப்பாக்கிகள்: டோக்கரெவ், மக்கரோவ், செக்கோஸ்லோவாக்கியாவின் வகைகள். அவை தடித்த துரு காப்புப் பசையில் மூழ்கிய நிலையில் வரும். 'தட்டுகிறது, ஆனால் வெடிப்பதில்லை' என்று புதிதாக வாங்கியவர்கள் சொல்லும் பழுதில் பாதிக்குமேல், ஊசி ஓடும் குழலுக்குள் அந்தப் பசை இறுகிப்போனதுதான் காரணமாக இருக்கும் என்பது என் அனுபவம். நம்பு துப்பாக்கிகளின் கதை வேறு. சரணடைந்த ஜப்பானியப் படையின் ஆயுதங்களில் மிகப் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. இங்கே கிடைப்பவை, அமெரிக்கப் போர்வீரர்கள் நினைவுப் பொருளாகத் தம் பெட்டியில் கொண்டுவந்தவை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது.

வாங்கும்போது நான் பார்ப்பது எண்களை. சட்டகத்தின் வலப்புறம், பின்பகுதியில், ஷோவா ஆண்டும் மாதமும் புள்ளியிட்டுப் பிரித்துப் பொறிக்கப்பட்டிருக்கும். 18.6 என்றால் 1943 ஜூன். தொடரெண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் சிறு பாகங்களிலும் திரும்ப வரும், அவை ஒத்துப்போக வேண்டும். மேகசினும் அதே எண்ணோடு இருந்தால் மதிப்புக் கூடும். நான் செய்த முதல் தவறையும் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிய முதல் துப்பாக்கி உபரிச் சரக்கில் வந்த ஒரு டோக்கரெவ். அதன் மேல்பூச்சு தேய்ந்து பழுப்பாக இருந்தது கண்ணுக்கு உறுத்த, ஒரு கடையில் கொடுத்து மெருகேற்றி, நீலக் கறுப்பாகப் புதுப்பூச்சுப் போட்டேன். பட்டறை முத்திரையின் விளிம்புகள் மழுங்கிவிட்டன. எந்தக் கை அதை எங்கே பிடித்துத் தேய்த்தது என்ற சுவடும் போய்விட்டது. சேகரிப்பவர் ஒருவர் பார்த்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். தம்பி, உங்கள் உறையைத் துடைக்கும் முன் அந்த அமைதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோலகங்சார் அக்கா எழுதியது:

தம்பி, தோள்வாரை அறுத்ததையும் முத்திரையைச் சுரண்டியதையும் நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் அப்பா சொன்னவை நினைவுக்கு வந்தன. 1948 ஜூன் 16ஆம் நாள் உங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்து எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிருவாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களை ஒடுக்க அறிவித்த அவசரகாலம் அதிலிருந்து தொடங்கி 1960 ஜூலை 31ஆம் நாள்வரை நீடித்தது. உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்று சட்டம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள், திடீரென்று வந்து வீடுகளைச் சோதித்தார்கள். ஜப்பான்காரர்கள் 1945இல் போனபோது விட்டுச் சென்ற தோல் பை, தண்ணீர்க் குடுவை, கூடாரத் துணி ஆகியவை பல வீடுகளில் இருந்தன. நல்ல பொருளை வீசுவதற்கு மனம் வராத ஏழை மக்கள் நாம். 1948க்குப் பிறகு அவற்றையெல்லாம் இரவோடு இரவாக ஆற்றில் போட்டதாகவும் மண்ணில் புதைத்ததாகவும் அப்பா சொல்வார்.

துப்பாக்கி உறை வீட்டில் இருந்தால், துப்பாக்கி எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். அதனால் உங்கள் தாத்தா வாரை அறுத்து, எழுத்தைச் சுரண்டி, கத்தியையும் கல்லையும் உள்ளே வைத்து, அதைப் பால் வெட்டுபவனின் உறையாக ஆக்கிக்கொண்டார் என்று நான் நினைக்கிறேன். அந்தக் குறுகிய பைக்குள் ஊசி இருந்ததை அவர் அறியாமலே பன்னிரண்டு ஆண்டு அதை இடுப்பில் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போய் வந்திருந்தால், அந்த எண்ணமே என் வயிற்றைக் கலக்குகிறது. அறுந்த வாருக்குப் புது வார் தைத்துவிடாதீர்கள் தம்பி.

தோல் தையல் எழுதியது:

நான் ஈப்போவில் அஞ்சடிக் (கடை வரிசையின் முன்நடை) கடை ஒன்றில் செருப்பும் குதிரைச் சேணமும் தைத்து வளர்ந்தவன். இப்போது பழைய தோல்பொருள்களைச் செப்பனிடுவதே வேலை. அக்கா சொன்னதே என் கருத்தும்: அறுத்ததும் சுரண்டியதும் பழுதல்ல. விட்டுப்போன தையல் பழுது, பித்தளையில் பூத்த பச்சை பழுது, பூஞ்சணம் இருந்தால் அதுவும் பழுது. அவற்றை மட்டும் பார்ப்போம்.

முதலில், மறைவான ஓர் இடத்தை விரலால் மெதுவாகத் தேயுங்கள். செம்பழுப்புப் பொடி விரலில் ஒட்டினால், தோல் செந்தூள் நோய்க்கு ஆளாகிவிட்டது என்று பொருள். தாவரப் பதனிடலில் செய்த தோல் அமிலத்தால் உள்ளுக்குள் மடிவது அது. மீட்க முடியாது, மேலும் பரவாமல் நிறுத்தத்தான் முடியும். அப்படி இருந்தால் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் போடாதீர்கள். ஹைட்ராக்சிப்ரொப்பைல் செல்லுலோஸ் என்ற பொடியை ஆல்கஹாலில் கரைத்துத் தூரிகையால் பூசினால் அது உதிரும் இழைகளைப் பிடித்து நிறுத்தும். பொடி ஒட்டவில்லையென்றால் உங்கள் தோல் நல்ல நிலையில் இருக்கிறது, அப்போதும் எண்ணெய் வேண்டாம். நம் ஊர்ப் பெரியவர்கள் தேங்காய் எண்ணெய் பூசச் சொல்வார்கள். அது தோலைக் கறுப்பாக்கி, தூசியைப் பிடித்து, பித்தளையில் இன்னும் பச்சையை வளர்க்கும். அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? தோலில் ஏற்கெனவே ஊறிய கொழுப்பு, குமிழின் செம்போடு சேர்ந்து வளர்த்ததுதான் அது.

குமிழைப் பித்தளை மெருகுத் திரவத்தால் தேய்க்காதீர்கள், அது தோலில் கறை படியச் செய்யும். பல்குச்சியின் முனையைச் சற்று மழுக்கி, பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுத்து, உலர்ந்த பஞ்சுத் துணியால் துடையுங்கள். ஒரு குமிழுக்கு ஒரு மாலைப் பொழுது ஆகும். பூஞ்சணத்தை, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே நிழலில், மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். வெயிலில் மட்டும் வைக்கக் கூடாது, சுருங்கிய தோல் திரும்ப விரியாது.

தையலுக்கு மெழுகிட்ட ஆளிநார் நூல், அதாவது லினன் நூல், வாங்குங்கள். நூலின் இரு முனைகளிலும் முனை மழுங்கிய ஊசிகளைக் கோத்து, ஒரே ஓட்டை வழியாக இரண்டு பக்கமிருந்தும் ஊசியைச் செலுத்தும் சேணத் தையலே போடுங்கள். புதிய ஓட்டை ஒன்றுகூடப் போடாதீர்கள்: பழைய ஓட்டைகளே வழி. இறுக்கி இழுக்கவும் வேண்டாம், முதிர்ந்த தோலில் நூல் கத்தி போல அறுத்துக்கொண்டு போய்விடும். பழைய நூலில் மிச்சமிருப்பதைப் பிடுங்காமல் அதன் மேலேயே தையுங்கள். நான் தைத்ததையும் படையில் தைத்ததையும் பின்னால் பார்ப்பவர் பிரித்தறிய வேண்டும் என்பதற்காக, சற்று இளநிற நூலையே நான் பயன்படுத்துவது வழக்கம்.

வைக்கும் முறை முக்கியம். உள்ளே அமிலம் நீக்கிய மெல்லிய காகிதத்தைக் கசக்கித் திணித்து வடிவம் நிற்கச் செய்யுங்கள், நாளிதழ் வேண்டாம். நெகிழிப் பையில் கட்டினால் நம் ஊர் ஈரத்தில் இரண்டே வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மூடியுள்ள பெட்டியில் பருத்தித் துணி சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் அறுபது விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஒட்டுப்பாலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கை பரபரக்கும் என்பதால் சொல்கிறேன். அது தோலைக் கெடுக்கவில்லை. பிய்த்தால் தோலின் மேற்பரப்பும் கூடவே வரும்.

சிப்புட் பேரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சார்ஜன் ஐயா சொன்னபடி தொலைபேசியில் சொன்னேன். மறுநாள் காலை இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பெட்டி முழுவதையும் பார்த்தார்கள். தோட்டா எதுவும் இல்லை. ஊசியை எடுத்துக்கொண்டு, உறை எங்களிடமே இருக்கிறது என்பதை அறிக்கையில் எழுதிக் கொடுத்தார்கள். வயதில் மூத்த அதிகாரி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒட்டுப்பாலை முகர்ந்து, தன் அம்மாவும் பால் வெட்டியவர்தான் என்றார்.

நேற்றிரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சைத் தோலோடு ஒட்டிப் பிடித்தோம். சுரண்டிய இடத்தின் ஓரத்தில் கூட்டல் குறியும், அதன் கீழே விரிந்த இரண்டு கோடுகளும் தெரிந்தன. பத்தும் எட்டும் பதினெட்டு, 1943. என் அப்பா பிறந்த ஆண்டும் அதுதான். அவர் டார்ச்சை வாங்கி, தானே பிடித்துக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

சேணத் தையலைச் செருப்புத் தோலில் பழகிக்கொண்டிருக்கிறேன். தோல் தையல் அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும்: பழைய ஓட்டைகளில் மூன்று கிழிந்து ஒன்றாகிவிட்டன. அந்த இடத்தைத் தாண்டித் தைக்கலாமா, அல்லது உட்புறம் மெல்லிய தோல் ஒன்றை ஆதாரமாக வைக்க வேண்டுமா?

தோல் தையல் எழுதியது:

தாண்டியே தையுங்கள். மூன்று ஓட்டைக்கு முன்னும் பின்னும் இரட்டைத் தையல் போட்டால் பாரம் அங்கே விழாது. துப்பாக்கியும் கத்தியும் இனி அதில் இருக்கப்போவதில்லை, ஆதலால் ஆதாரத் தோல் தேவைப்படாது. நூல் கிடைக்கவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வாருங்கள், என்னிடம் ஓர் உருண்டை இருக்கிறது. அப்பாவையும் அழைத்து வாருங்கள்.